கேமரா பைக்கு லிட்டர் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினால் போதும், எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸை எடுத்துப் போகலாம் என்று பயணப் பக்கங்கள் நிறைய எழுதுகின்றன. அவற்றைச் சுமக்கப்போகும் பையைப் பற்றி ஒரு வரி வந்தாலே அதிகம். அந்த வரியும் “25 லிட்டர் கொள்ளளவு, தண்ணீர் புகாத துணி, ஏகப்பட்ட பாக்கெட்” என்று தயாரிப்பாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதாகவே இருக்கிறது. கேமரா உள்ளே போகுமா, விமானத்தில் கையோடு எடுத்துச் செல்ல விடுவார்களா, நாலு மணி நேரம் சுமந்தால் தோள் தாங்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வரியில் பதில் கிடையாது. பதில் தரும் எண்கள் வேறு: உள்ளே பொருள்களைப் பிரித்துவைக்கும் ஃபோம் தடுப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்துக் காலிப் பையின் எடை, உள்பக்க ஆழம், பொருள் நிரப்பிய பிறகு வெளிப்பக்க அளவு. இந்த மூன்றையும் பையோடு வரும் அட்டையில் அச்சிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பைகளைப் பற்றி எழுதுபவர்களும் அளவுநாடாவும் தராசும் கொண்டு இவற்றை அளந்து வெளியிட வேண்டும். அதுவரை வாங்குகிறவர்களே அளந்துகொள்ளலாம். கடினமான வேலை இல்லை.

முதலில் எடை. கையோடு கொண்டுபோகும் பைக்குப் பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு 7 கிலோ. 8 அல்லது 10 கிலோ வரை விடுவோரும் உண்டு, எடையை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்ப்போரும் உண்டு. 7 கிலோ என்றே வைத்துக்கொண்டு ஒரு சாதாரணத் தொகுப்பைக் கூட்டிப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா (பெரிய சென்சார் கொண்ட, உள்ளே கண்ணாடி இல்லாத வகை) 700 கிராம். 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் 900 கிராம். தொலைவில் இருப்பதை எடுக்கும் 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் 1,400 கிராம். சின்னதாக ஒரு 35 மி.மீ. லென்ஸ் 300 கிராம். பேட்டரி மூன்று, ஒன்று 80 கிராம் வீதம் 240. சார்ஜர் 100. ஃபில்டர்களும் துடைக்கும் துணியும் 150. லேப்டாப் 1,400, அதன் அடாப்டர் 300. மொத்தம் 5,490 கிராம். மிச்சம் இருப்பது 1,510 கிராம்; பை அதற்குள் இருந்தாக வேண்டும். கடைகளில் “பயணத்துக்கு ஏற்றது” என்று விற்கும் 30 லிட்டர் முதுகுப்பைகள் பல, தடுப்புகளோடு சேர்த்தால் 2 கிலோவைத் தாண்டுகின்றன. 2,400 கிராம் பை என்றால் மொத்தம் 7,890 கிராம். ஒரு மாற்றுச் சட்டைகூட வைக்காமலே வரம்பு தாண்டியாகிவிட்டது.

எடை விஷயத்தில் அட்டையை நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. கேமரா வைக்கும் உள்பெட்டி தனியாகக் கழன்று வரும் பைகளில், சிலர் வெளி ஓட்டின் எடையை மட்டும் போட்டுவிடுவார்கள். உள்பெட்டியும் தடுப்புகளும் சேர்ந்து இன்னும் அரை கிலோவுக்கு மேல் இருக்கும். இடுப்புப் பட்டை, மழை உறை எல்லாம் “தனித் துணைப்பொருள்” கணக்கில் போய்விடும். ஆகவே கடையில் பையைத் தொங்கும் தராசில் மாட்டிப் பார்ப்பதுதான் உறுதி. பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு இதற்குப் போதும். பயணத்தின்போது பையிலேயே கிடந்தாலும் உதவும்.

அடுத்து ஆழம். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆழம் என்று சொல்வது பையை மல்லாக்கப் படுக்கவைத்துத் திறந்தால், அடியிலிருந்து மூடி வரை உள்ள உயரம். ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவின் அகலம் 13 முதல் 14 செ.மீ., உயரம் சுமார் 10 செ.மீ. இருக்கும். லென்ஸ் மாட்டிய கேமராவைப் பையில் இரண்டு விதமாக வைக்கலாம். கேமராவின் மேல்தட்டு பையின் மூடியைப் பார்க்கும்படி வைத்தால் 10-11 செ.மீ. ஆழம் போதும். ஆனால் அகலத்தில் 14 செ.மீ. போய்விடும். பையின் உள்ளகலம் 28 செ.மீ. என்றால் பக்கத்தில் மிஞ்சுவது 14. அதில் 9 செ.மீ. தடிமனான லென்ஸ் ஒரு வரிசைதான் நிற்கும், 5 செ.மீ. ஒன்றுக்கும் உதவாமல் போகும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடி மேலே வரும்படி வைத்தால் 14 செ.மீ. ஆழம் வேண்டும், அகலத்தில் 10 செ.மீ. மட்டுமே பிடிக்கும். மீதி 18-ல் 9 செ.மீ. லென்ஸ் இரண்டு வரிசை அடங்கும். 24-70 போன்ற 12-13 செ.மீ. நீள லென்ஸை நட்டமாக நிறுத்தவும் முடியும். படுக்கவைத்தால் 9-க்கு 13 இடம் பிடிப்பது, நிறுத்தினால் 9-க்கு 9-ல் முடிந்துவிடும். ஆக, ஆழம் 11-லிருந்து 14 ஆகும்போது, வெறும் 3 செ.மீ.யில், பை கொள்ளும் பொருள் ஏறக்குறைய ஒரு லென்ஸ் அளவுக்குக் கூடிவிடுகிறது. 20 லிட்டர் என்று எழுதிய இரண்டு பைகளில் ஒன்று உங்கள் சாமானைக் கொள்ளும், மற்றொன்று கொள்ளாது என்பதன் கணக்கு இவ்வளவே.

ஆழம் போதாத பையில் அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மூடி கேமராவின் பின்பக்கத்தையோ மேல்தட்டையோ அழுத்தும். பொத்தான்கள் அழுந்தியபடியே இருந்தால் கேமரா தூக்கத்துக்குப் போகாது. இறங்கும் இடத்தில் எடுத்துப் பார்த்தால் பேட்டரி காலியாகியிருக்கும். சுவிட்ச் தானாகத் திரும்பிக்கொள்வதும் உண்டு. ஜிப்புக்கோ எப்போதும் இழுவை. மூடி வளையும் மூலைகளில்தான் அந்த இழுவை குவியும், பல் விடுவதும் அங்கேதான் தொடங்கும்.

பெரிய லென்ஸ் மாட்டியபடி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 70-200 லென்ஸ் மட்டும் சுமார் 20 செ.மீ. நீளம், கேமராவோடு சேர்ந்தால் 25 செ.மீ.யைத் தாண்டும். லென்ஸ் கீழே பார்க்க இதைச் செங்குத்தாக வைக்கும்போது, மொத்தப் பாரமும் லென்ஸின் முன்விளிம்பில் இறங்கக் கூடாது. பையைத் தரையில் ‘தொப்’பென்று வைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி லென்ஸ் வழியாக, அது கேமராவோடு சேரும் மவுண்ட்டுக்குப் போகும். நல்ல பையில் குட்டையான இரண்டு தடுப்புகள் கூடுதலாக வரும். அவற்றை லென்ஸின் இரு பக்கமும், கேமராவின் தோள்பகுதிக்குக் கீழே குறுக்காக ஒட்ட வேண்டும். கேமரா அந்த இரண்டின்மேல் உட்கார்ந்திருக்கும், லென்ஸ் நடுவில் தொங்கும். முன்விளிம்புக்கும் பையின் அடிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். லென்ஸின் முனையில் வெளிச்சம் மறைக்க மாட்டும் ஹூட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுங்கள். முன்பக்கம் நீட்டியபடி விட்டால் அடிபட்டு உடைவது முதலில் அதுதான்.

தடுப்புகளின் ஃபோமைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது. பள்ளம் சிறிது நேரம் நின்றால், ஒரு வருடத்தில் அந்தத் தடுப்பு அட்டைபோல் மெலிந்துவிடும். அழுத்தும்போது விரல் அந்தப் பக்கத்தைத் தொடுவதுபோல் இருந்தால் வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகள் தனித்தனியே மூடியிருக்கும் ‘மூடிய அறை’ ஃபோம் ஈரம் குடிக்காது; ஸ்பாஞ்ச் மாதிரியான திறந்த அறை ஃபோம் குடிக்கும், குடித்ததை எளிதில் விடாது. உள்துணி வெளிர் சாம்பலோ மஞ்சளோ ஆரஞ்சோ எதுவானாலும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம். கறுப்பு லென்ஸ் மூடி கறுப்புத் துணிமேல் கிடந்தால் விடியற்காலை இருட்டில் கண்ணில் படாது.

தடிமனான ஃபோம் எப்போதும் நல்லது என்ற எண்ணமும் தவறு. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜிம் டோம்கே 1970-களின் நடுவில் தன் வேலைக்காக வடிவமைத்த கான்வாஸ் பையில் பஞ்சு மிகக் குறைவு. கை விட்டால் லென்ஸ் வர வேண்டும், பை உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அது வேலை செய்யும் பை. பேருந்தின் மேல்தட்டிலும் வண்டியின் பின்பக்கத்திலும் குலுங்கிப் போகும் பை வேறு. பயணத்தில் இரண்டும் தேவைப்படும் என்பதால், மெல்லிய தோள் பை ஒன்றை மடித்து முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. தங்குமிடம் போய்ச் சேர்ந்ததும் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் மட்டும் அதில் இடம் மாறிவிடும். ஒற்றைத் தோளில் 3 கிலோவுக்கு மேல் நாள் முழுக்கத் தொங்கவிட்டால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை மறுநாள் காலையில் கணக்குக் கேட்கும்.

எந்தப் பக்கம் திறக்கிறது என்பது விருப்பம் சார்ந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது போகும் இடத்தைச் சார்ந்தது. முன்பக்கம் திறக்கும் பையைத் திறக்க வேண்டுமானால், முதுகில் படும் பக்கத்தை மண்ணில் படுக்கவைக்க வேண்டும். சேற்றில் வைத்தால் அந்தச் சேறு அடுத்த நிமிடம் உங்கள் சட்டையில். முதுகுப்பக்கம் திறக்கும் பையில் இந்தத் தொல்லை கிடையாது. கூட்டத்தில் நிற்கும்போது பின்னாலிருந்து யாரும் ஜிப்பை இழுக்கவும் முடியாது. அதன் குறை வியர்வை. வெப்பமான இடத்தில் முதுகின் ஈரம் நேரே கேமரா அறையின் ஜிப் மேல் படும். முதுகுக்கும் பைக்கும் இடையே காற்றோடும் பள்ளம் விட்டுத் தைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திறப்பது வேகமானது. ஒரு தோளிலிருந்து பட்டையைக் கழற்றிப் பையை முன்னால் சுழற்றினால் கேமரா கையில். அதே வேகத்தில் கேமரா தரைக்கும் போகும்! ஜிப்பை மூட மறந்து பையை மீண்டும் தோளில் போட்டால் வாய் கீழே பார்த்துத் திறந்திருக்கும். பக்கவாட்டு வாய்க்கு உள்ளே இன்னொரு சின்னக் கொக்கியோ பட்டையோ இருக்கும் பையை மட்டுமே வாங்குங்கள். முதுகும் பக்கமும் இரண்டுமே திறக்கும் பைகள் வசதியாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு கூடுதல் வாயும் தண்ணீருக்கும் தூசிக்கும் ஒரு வழி, எடையிலும் கொஞ்சம் ஏற்றம்.

இரண்டு இழுப்பான் உள்ள ஜிப்பில் அவை இரண்டும் பையின் உச்சியில் வந்து சந்திக்கும்படி மூடுங்கள். பக்கத்திலோ அடியிலோ சந்திக்கவைத்தால், உள்ளிருக்கும் எடை அவற்றை மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டே வரும்.

ஜிப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேமரா பையில் துணி கிழிவதைவிட ஜிப் போவதே அதிகம். இழுப்பானின் பின்பக்கத்தில் 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். மூடிய பல்வரிசையின் அகலம் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். முதன்மை அறைக்கு 8 அல்லது 10. வெளிப் பாக்கெட்டுக்கு 5 போதும். பாரம் தாங்கும் வாயில் 5-ஆம் எண் ஜிப் போட்டிருந்தால் விலை எவ்வளவு இருந்தாலும் அந்தப் பை வேண்டாம். மூலையில் ஜிப் எவ்வளவு அகலமான வளைவாகத் திரும்புகிறது என்றும் பாருங்கள். செங்கோணம்போல் சட்டென்று திரும்பினால் இழுப்பான் அங்கே மாட்டும், நாம் பலமாக இழுப்போம், தேய்வு அங்கிருந்தே தொடங்கும். மூடிய பின்னும் பல் பிளந்துகொண்டால் ஜிப்பே போய்விட்டது என்று பையைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பது இழுப்பான்தான். மணல் புகுந்து அதன் உள்வாயை அகட்டிவிடும். அதே எண்ணில் புது இழுப்பானைத் தைப்பவரிடம் மாற்றிக்கொண்டால் ஜிப் பழையபடி மூடும். கடற்கரைப் பயணம் முடிந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு ஜிப்பைத் தேய்த்துக் காயவைத்தால் அந்தச் செலவும் வராது.

துணியில் 420 டெனியர், 1680 டெனியர் என்று போட்டிருப்பதை எண் கூடினால் நல்லது என்று படிக்கக் கூடாது. 9,000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் நூல் தடிக்கும், உராய்வு தாங்கும், எடையும் ஏறும். 7 கிலோ கணக்கில் ஒவ்வொரு கிராமும் பார்க்கிற பயணிக்கு அடிப்பகுதியில் மட்டும் தடித்த துணியும் மற்ற இடங்களில் 400-க்குப் பக்கத்தில் உள்ள நைலானும் போதுமானவை. தண்ணீரைத் தடுப்பது நூல் அல்ல, துணியின் உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். பூசாத இடம் தையல் ஓட்டை. தண்ணீர் அங்கேதான் வரும். “தண்ணீர் புகாத ஜிப்” என்று சொல்லப்படும் வழவழப்பான ஜிப்கூடச் சாரலைத் தள்ளும், கொட்டும் மழையைத் தாங்காது.

ஆகவே மழை உறை வேண்டும். ஆனால் அந்த உறை மூடுவது பையின் வெளிப்பக்கத்தை மட்டுமே. முதுகுப் பக்கம் திறந்திருக்கும். கழுத்தோரம் இறங்கும் தண்ணீர் தோள்பட்டைகள் வழியாகப் பைக்கும் உறைக்கும் இடையே ஓடி, உறையின் அடியில் ஒரு கிண்ணம்போல் தேங்கும். பையின் அடிப்பகுதி அந்தத் தண்ணீரில் ஊறும். உறையின் அடியில் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு கேமராவை உள்ளே ஒரு வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பையில் போட்டுவிடுவது நிச்சயமான வழி. வாங்கிய பையை வீட்டில் சோதிக்க விரும்பினால், உள்ளே எல்லா அறைகளிலும் டிஷ்யூ பேப்பரைப் பரப்பி மூடி, ஷவரின் கீழ் பத்து நிமிடம் வையுங்கள். எந்தத் தையல் ஒழுகுகிறது என்பதைப் பேப்பர் காட்டிவிடும்.

இனி முதுகு. முதுகுப்பையின் பாரம் தோளில் தொங்கக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இரு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரை முதுகில் அளந்தால் உங்கள் முதுகு நீளம் கிடைக்கும். மலையேற்றப் பைகள் இந்த அளவுக்கேற்ப வெவ்வேறு நீளங்களில் வரும், அல்லது பட்டையை ஏற்றி இறக்கலாம். கேமரா பைகளில் பெரும்பாலானவை ஒரே அளவுதான். குள்ளமானவர் மாட்டினால் இடுப்புப் பட்டை தொடையில் இடிக்கும், உயரமானவருக்கு வயிற்றில் ஏறும். இரண்டு நிலையிலும் அது வெறும் அலங்காரம். பட்டையின் பஞ்சு இடுப்பெலும்பின் முன்முனையைச் சுற்றி வர வேண்டும். பையை ஆட்டாமல் பிடிக்க மட்டும் உதவும் மெல்லிய நாடா பாரம் சுமக்காது. கேமராவும் மூன்று லென்ஸும் சுமப்பவர்களுக்கு அது போதாது.

பொருளை வைக்கும் இடமும் இதைப் பொறுத்தது. கனமான லென்ஸ் முதுகெலும்புக்கு ஒட்டி, முதுகின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். பல பைகளில் கேமரா அறை கீழ்ப்பாதியிலும் துணி மேலேயும் இருக்கும்படி தைத்துவிடுகிறார்கள். எடுக்க வசதி, சுமக்கக் கஷ்டம். பாரம் கீழே பின்னால் இழுக்கும், நாம் முன்னால் குனிந்து நடப்போம். உள்பெட்டியை மேலே மாற்றிப் பொருத்த முடிகிற பையாக இருந்தால் நீண்ட நடைக்கு அப்படி மாற்றிக்கொள்ளலாம். டிரைபாடைப் பக்கவாட்டில் கட்டினால் 1.5 கிலோ ஒரு பக்கம் இழுக்கும்; எதிர்ப்பக்கப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்தால் ஓரளவு சமன் ஆகும். நடுவில் கட்டினால் சமநிலை கெடாது, ஆனால் பை பின்னால் இன்னும் 10 செ.மீ. நீளும், பேருந்தில் திரும்பும்போது அடுத்தவர் முகத்தில் இடிக்கும்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை. உங்கள் சாமானையே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அதே எடைக்குத் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிடமாவது மாட்டியபடி நடங்கள், படியேறுங்கள், குனிந்து செருப்பை மாட்டுங்கள். பிறகு மேல்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கி இரண்டு குலுக்குக் குலுக்கி, பிடியும் தோள்பட்டையும் பையோடு சேரும் தையலைப் பாருங்கள். அங்கே நெருக்கமான குறுக்குத் தையல் கட்டை கட்டையாகத் தெரிய வேண்டும். ஒற்றை வரி நேர்த்தையல் மட்டும் இருந்தால் பாரம் ஏறும்போது முதலில் விடுவது அந்த இடமே. லேப்டாப் உறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் 2-3 செ.மீ. உயர்ந்து நிற்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் மூலை தரையில் மோதும்.

சக்கரம் வைத்த பை வழுவழுப்பான தரைக்கு நல்லது. சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் எடையில் பெரும் பங்கைத் தின்றுவிடும், கம்பிகள் ஓடும் மேடு உள்தரையைச் சமமில்லாமல் ஆக்கும், கல் பாவிய தெருவில் உருட்டினால் அதிர்வு முழுக்க லென்ஸுக்குள் போகும். தொடர்ந்த அதிர்வில் லென்ஸின் சின்னத் திருகுகள் தளர்வது பழுது பார்ப்பவர்கள் நன்கறிந்த விஷயம். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி நசுங்காது, தண்ணீர் புகாது. ஆனால் கைப்பையாகக் கொண்டுபோகும் அளவில்கூடக் காலியாக 4 முதல் 6 கிலோ வரை இருக்கும், 7 கிலோ வரம்பில் அது பேச்சுக்கே இடமில்லை. படகுப் பயணத்துக்கும் சொந்த வண்டிப் பயணத்துக்கும் அது சரி. காற்றுப் புகாத பெட்டி என்பதால் விமானம் இறங்கிய பிறகு மூடி ஒட்டிக்கொண்டு வராது. அழுத்த வால்வைத் திறந்துவிட்டால் வரும்.

விமான நிலையத்தில் கைப்பையை நுழைத்துப் பார்க்கும் அளவுச் சட்டகம் பார்ப்பது நிரம்பிய பையை. 55 × 35 × 20 செ.மீ. என்று எழுதியிருந்தாலும், முன்பக்கத்தில் இழுத்தால் விரியும் பாக்கெட்டில் ஜாக்கெட்டைத் திணித்தால் 20 என்பது 25 ஆகிவிடும். சக்கரமும் பிடியும் அளவில் சேரும். டர்போபிராப் எனப்படும், சுழல்விசிறி வைத்த சிறிய விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறையே சிறியது. வாசலில் பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நிமிடத்துக்குத்தான் கழன்று வரும் உள்பெட்டி. அதை மட்டும் உருவிக் கையில் எடுத்துக்கொண்டு வெளி ஓட்டைக் கொடுத்துவிடலாம். எந்த அவசரத்திலும் தனி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்க்கும் சரக்கறைக்குப் போகக் கூடாது என்பது எல்லா நாட்டு விமானங்களுக்கும் பொதுவான விதி. பேட்டரி கொள்ளும் மின்னாற்றலை வாட்-ஹவரில் அளக்கிறார்கள்; 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-ஹவர் கேமரா பேட்டரி 16.4 வாட்-ஹவர்தான். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க், 3.7 வோல்ட்டில் 74. அதுவே 30,000 என்றால் 111. ஒப்புதல் இல்லாமல் போகாது. எண்ணிக்கை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொரு பேட்டரிக்கும் மூடியோ தனி உறையோ வேண்டும். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றிருந்த விமானம் தீப்பிடித்த பிறகு, அந்நாட்டு விமானங்களில் பவர் பேங்க்கைத் தலைக்கு மேலுள்ள அறையில் வைக்கக் கூடாது என்று அதே ஆண்டு மார்ச்சில் விதி வந்தது. ஆகவே பவர் பேங்க்கின் இடம் பையின் அடியாழம் அல்ல. ஒரு கையால் உருவி எடுக்கும் வெளிப் பாக்கெட்டே அதற்குச் சரி.

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் ஃபிலிம் சுருள்களை ஒளி ஊடுருவும் தனிப் பையில் போட்டு மேலாக வையுங்கள். பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் வேகத்தின் எண்) 800-க்குக் குறைந்த ஃபிலிமைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை, புதிய சி.டி. ஸ்கேனர் எல்லா வேக ஃபிலிமிலும் மூட்டம் படியவைக்கும். கையால் பார்க்கும்படி கேட்பதற்கு, எடுத்துக்காட்டுகிற மாதிரி அது மேலே இருந்தாக வேண்டும்.

கடைசியாக, பயணம் முடிந்து திரும்பிய பிறகு. ஏ.சி. அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போகும்போது பையை முக்கால் மணி நேரமாவது திறக்காமல் விட்டால் லென்ஸில் பனி படியாது. இதில் ஃபோம் நமக்கு உதவி செய்கிறது. அதே ஃபோம் வீட்டில் எதிரியாகிவிடும். குடித்த ஈரத்தை வைத்துக்கொண்டு, ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கவைக்கும். பை சுமப்பதற்கு, சேமிப்பதற்கு அல்ல. கேமராவை எடுத்து உலர்ந்த டப்பாவில் வைத்துவிட்டு, பையின் எல்லா ஜிப்பையும் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். மூடிய அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தால் உள்பூச்சு ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும், பின் தோல் தோலாக உரியும். பழைய பை வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: உள்பக்கத் துணியைக் கட்டைவிரலால் தேயுங்கள், விரல் ஒட்டினால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயணப் புகைப்படக்காரர் ஒருவர்